போகாத ஊர்

"தாய் உணவகம் போகணும்" என்றேன்.
ஆட்டோக்காரர் தலையாட்டிவிட்டுக்
கொண்டுபோய் நிறுத்திய இடம்
அம்மா உணவகம்.
சாயங்காலச் சப்பாத்திக்கு வரிசை நின்றிருந்தது.
ஞானசிகாமணி சிரித்தார்.
கதிர்வீச்சு முடிந்த நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.
சத்தம் வரவில்லை,
தோள் மட்டும் குலுங்கியது.
பேசினதுக்கு மேல் இருபது கொடுத்து
காட்பாடிப் பக்கம் திருப்பினோம்.

கடை மாடியில்.
கீழே ஆம்பூர்ச் செருப்பு, ஆடித் தள்ளுபடி.
படியேறும்போதே கருவாடு வதக்குகிற வாடை,
அதற்கு மேலே ஏதோ பூ.
பக்கத்து மேசையில் காலேஜ் பிள்ளைகள்
தெலுங்கிலும் இந்தியிலும் சிரித்துக்கொண்டு
சாப்பாட்டைப் போட்டோ எடுத்தார்கள்.
ஆறிப்போகுமே என்று எனக்குக் கவலை.

இவர் மெனுவைப் படித்தார்,
முப்பது வருஷம் டெப்போவில்
ஆரணி, குடியாத்தம், திருப்பத்தூர் என்று
புறப்படும் நேரம் எழுதிய கண்ணால்.
ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை.
எண்ணைச் சொன்னார்:
"பதினாலு ஒண்ணு. இருபத்திரெண்டு ஒண்ணு."

வீட்டில் நடப்பது வேறு.
அதே புளி, அதே மிளகு,
கடைசியில் கிள்ளிப் போடும் மல்லித்தழை வரைக்கும் அதே ரசம்.
வாயில் வைத்ததும் ஒரு நொடி நிற்பார்,
ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு
நிற்பவர் மாதிரி.
பிறகு "நல்லாருக்கு" என்பார்.
ஒருநாள் உப்பே போடாமல் இறக்கினேன்.
அதுவும் நல்லாருக்கு.
அன்றைக்குத்தான் பேப்பரிலிருந்து
இந்தக் கடை விளம்பரத்தைக் கத்தரித்து வைத்தேன்.

ருசி திரும்பலாம், ஒரு வருஷம் ஆகலாம்,
எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.
"நேரம் குறிக்காத வண்டி" என்றார் இவர்.
டாக்டருக்குப் புரியவில்லை.

பதினாலு வந்தது. சூப்.
சிவப்பாக, எண்ணெய் மிதக்க,
ஒரு புல், ஒரு கிழங்குச் சில்லு.
முகர்ந்தேன். சித்தரத்தை!
இருமலுக்கு இடித்துக் கொடுப்பதை
இறால் போட்டு இருநூற்று எண்பதுக்கு விற்கிறார்கள்.

ஒரு ஸ்பூன் குடித்தார்.
அந்த ஒரு நொடிக்காக நான் காத்திருந்தேன்.
நிற்கவில்லை.
"இது இப்படித்தான் இருக்கும் போல."
"இருக்கும்" என்றேன்.
எனக்கு மட்டும் என்ன தெரியும்?
தேங்காய்ப்பால் தெரியும், துளசி தெரியும்,
எல்லாம் கூடி
எங்கே போய்ச் சேரவேண்டும் என்று தெரியாது.
கட்டிக்கொண்ட இருபத்தாறு வருஷத்தில்
சாப்பாட்டு முன் நாங்கள்
சரிசமமாக உட்கார்ந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும்.

ஐந்தாவது சனியோ, ஆறாவதோ,
சமையற்காரர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.
பெயர் லால்ரின்மவியா.
மிசோரத்திலிருந்து அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து,
அப்பா போன பிறகு
இங்கேயே தங்கிவிட்டவர்.
தாய்லாந்து பார்த்ததில்லையாம்.
எல்லாம் போனில் பார்த்துக் கற்றது,
சித்தரத்தை லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது.
"கரெக்டா இருக்கா சார்?"

போகாத ஊருக்கு வழி கேட்டார்.
மூன்று பேரும் போகாத ஊர்.

இவர் இன்னொரு ஸ்பூன் குடித்தார்.
வாயிலேயே வைத்திருந்தார், ரொம்ப நேரம்.
"புளிப்பு கொஞ்சம் பத்தல."

கேட்டவருக்கு எதையாவது சொல்லவேண்டும்,
மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.
லால் உள்ளே ஓடி
எலுமிச்சை மூடி ஒன்று கொண்டுவந்து
தன் கையாலேயே பிழிந்துவிட்டுப் போனார்.
நான் குடித்துப் பார்த்தேன்.

பத்தாமல்தான் இருந்திருக்கிறது.

படி இறங்கும்போது நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
பிழிந்த மூடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.
ஆட்டோவில் அதை நக்கிப் பார்த்தார்,
முகத்தைச் சுளித்தார்,
மறுபடி நக்கினார்.
பாலாற்றுப் பாலம் வந்தது.
கீழே ஒரே இருட்டு,
தண்ணீர் இருந்ததா, தெரியவில்லை.